நான் பிடித்து நின்ற தடி

என் மூத்த மகள் திரேசா செத்த அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் வரவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ஆகையால் முதலில் அதைச் சொல்லுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆட்களுக்கு முன்னால் எழும்பிப் பேசப் பயம். மாதர் செபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லும்போது நான் பின்வரிசையில் சுவரோடு இருந்துவிடுவேன். இந்த முறை பங்குச் சுவாமி என்னைக் கண்டுவிட்டார். "வாயாலை சொல்ல ஏலாட்டி எழுதித் தாருங்கோ அம்மா. இத்தினை வருஷமா மறைச்சு வைச்சிருக்கிறியள்" என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சகோதரங்களே.

பெரிய புயல் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு இருக்கும். மாசி மாதம். திரேசாவுக்கு அதுதான் முதல் பிள்ளை. மத்தியானம் வயிற்றுநோ தொடங்கியது. எங்கள் தீவுக் கரையில் அப்போது ஒரு மருந்துக் கொட்டில் மட்டுந்தான். கிழமையில் இரண்டு நாள் திறப்பார்கள். அன்றைக்கு அந்த நாள் இல்லை. பஸ் பின்னேரந்தான் வரும். கார் வைத்திருந்த ஒரே வீட்டுக்காரர் கரம்பொனுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவளை வள்ளத்தில் ஏற்றினோம்.

கடல் வற்றிக் கிடந்தது. பாதி வழியில் வள்ளம் தரை தட்டியது. மருமகன் சூசையும் இன்னும் இரண்டு பேரும் இறங்கிச் சேற்றுக்குள் நின்று தள்ளினார்கள். அவள் தலை என் மடியில் இருந்தது. எதிரே யாழ்ப்பாணக் கரை தெரிந்தது. கோட்டைச் சுவரும் தெரிந்தது.

"எணை அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"கிட்டத்தான் பிள்ளை" என்றேன்.

கொஞ்ச நேரத்தால் இன்னொரு தரம் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. பிள்ளையும் உள்ளேயே போய்விட்டது.

அடக்கத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெழுகு உருகிக் கையில் வடிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தோல் வெந்திருப்பதைக் கண்டேன். நோகவில்லை. அன்று தொடக்கம் எதுவும் நோகவில்லை. சமைத்தேன், கருவாடு காயப் போட்டேன், பூசைக்குப் போனேன். செபமாலை மணிகள் விரலுக்குள் ஓடும். வாய் அருள்நிறைந்த மரியே சொல்லும். நான் அங்கே இருக்கமாட்டேன். செபம் முடிந்ததைப் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பும்போதுதான் அறிவேன்.

ஒரு வருஷம் கழித்து என் இளைய மகள் லூர்து அதே சூசைக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆயரிடம் உத்தரவு வாங்கித்தான் அந்தக் கலியாணம் நடந்தது. நான் விதவை. ஆண் துணை இல்லாத வீடு. ஊரவர்கள் அதுதான் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் லூர்துவுக்கு வயிற்றில் உண்டாயிற்று. மார்கழியில் பிள்ளை என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வற்றிக் கிடந்த கடல்தான் கண்ணுக்குள் வந்தது.

அந்த வருஷந்தான் எங்கள் கரையில் பிள்ளைப்பேற்றுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வாட்டு கட்டத் தொடங்கினார்கள். சீமெந்தும் கம்பியும் அரசாங்கம் தரும், கல்லும் மரமும் உடம்பு வேலையும் ஊர் தர வேண்டும் என்று பேச்சு. ஆண்கள் கடலால் வந்து கல் சுமந்தார்கள். பெண்கள் மணல் சுமந்தோம். கட்டட வேலைக்குக் காரைநகரில் இருந்து சின்னத்துரை மேசன் வந்தார். அவர் சைவக்காரர். வாய் ஓயாத மனிதர். மார்கழிக்கு முன் வாட்டு முடியும் என்று அவர் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். வேறு எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

மேலே ஓடு போடவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்று கொங்கிறீட் தட்டு போட்டார்கள். தட்டுப் போடும்போது கீழே பலகை அடித்து, பலகைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தீவில் முட்டுக்கு மரம் ஏது? சீமெந்து ஆவணியிலேயே வந்துவிடும் என்று நம்பி, ஊர் ஆண்கள் தங்கள் களங்கண்டித் தடிகளைக் கொடுத்தார்கள். களங்கண்டி என்றால், ஆழம் குறைந்த கடலில் வேலிபோலத் தடி நட்டு வலை கட்டி இறால் பிடிப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் கடலில் ஓர் இடம் உண்டு. அதைப் பாடு என்போம். பாட்டையும் தடியையும் சீதனமாகவும் கொடுப்போம். யாருடைய தடி என்று தெரியத் தலைப்பில் கத்தியால் குறி வெட்டியிருக்கும்.

மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று தடிகளைக் கொடுத்தார்கள். சூசை எல்லாவற்றையும் கொடுத்தார். அவை திரேசாவுக்கு நான் சீதனமாகக் கொடுத்த தடிகள். மூன்று வெட்டும் ஒரு சரிவு வெட்டும் எங்கள் குறி. என் புருஷன் வெட்டியது. மேசன் அவற்றை வாட்டின் நடுவில் நிறுத்தினார். அவைதான் நல்ல பாரம் தாங்கும் தடிகள் என்றார்.

சீமெந்து ஆவணியில் வரவில்லை. புரட்டாதியில்தான் வந்தது. ஊர் முழுவதும் கூடி ஒரே நாளில் தட்டுப் போட்டது. அடுத்த நாள் தொடக்கம் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. வேறு யாரும் கேட்கவில்லை, நான் போய் வாளியைத் தூக்கினேன். காலையும் மாலையும் ஏணியில் ஏறி ஊற்றுவேன்.

மேசன் சொன்னார்: "அக்கா, இது இப்ப பச்சைப் பிள்ளை. தண்ணி குடுக்காட்டி வெடிச்சுப் போம். கிட்டக் கிணத்துத் தண்ணி உப்பு, அது கம்பியைத் தின்னும். கோயில் கிணத்திலை அள்ளுங்கோ. உங்கடை மாதாவின்ரை தண்ணியை எங்கடை முருகன் வேண்டாமெண்டு சொல்லமாட்டார்." பிறகு அங்கு நின்ற ஆண்களைப் பார்த்துக் கையை ஓங்கினார். "இருவத்தொரு நாள் முட்டிலை ஒருதரும் கை வைக்கப்படாது. வைச்சால் அந்தக் கையைக் கொங்கிறீட்டுக்குள்ளை வைச்சுப் பூசிப்போடுவன், ஓம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் நாளைக் கணக்குப் பார்க்கவில்லை. செபமாலை மாதா திருநாளுக்கு மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கடலில் தடி நட வேண்டும். அன்று பொழுதுபடுமுன் வேலி நிற்காத பாட்டில் வேறு யாரும் நடலாம். எங்கள் கரையின் முறை அது. தட்டுப் போட்டு ஒன்பதாம் நாள் திருநாள் வந்தது.

ஐந்தாம் நாள் மேசன் தாயின் திவசத்துக்கென்று காரைநகர் போனார். ஆறாம் நாள் காலை விறாந்தைப் பக்கம் ஒரு தடி இல்லை. மண்ணில் அது நின்ற குழி மட்டும் இருந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு. எட்டாம் நாள் இன்னும் மூன்று. குறி பார்த்துப் பழகியதால் யாருடைய தடிகள் போயின என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தன்னுடைய இரண்டைத்தானே எடுக்கிறேன் என்று எடுத்திருக்கிறார்கள். விறாந்தையில் பலகைக்கு நடுவால் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதல் நாட்களில் சொட்டாத இடம்.

கிணற்றடியில் ஒருத்தியிடம் மெல்லக் கேட்டேன். அவள் வீட்டுத் தடியும் போயிருந்தது.

"களங்கண்டியிலை ரெண்டு தடி போனால் வேலி விழுமே அன்னம்மாக்கா? மற்றத் தடியள் நிக்குதெல்லே" என்றாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

திருநாளன்று மத்தியானம் சூசை சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு முகத்துக்கு முகம் பேசுவதில்லை. அன்று வரைக்கும் நான் அவரோடு நேரே ஒரு சொல் பேசியது கிடையாது. நான் குசினிக்குள் நிற்பேன், அவர் வெளியே இருப்பார், நடுவில் மகள் நிற்பாள்.

அவர் லூர்துவிடம் சொன்னார்: "நாளைக்குப் பூசை முடிய வண்டில் கொண்டு போய் எங்கடை தடியளை ஏத்தப் போறன்."

என் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. நடுவில் நிற்பதெல்லாம் அந்தத் தடிகள்.

"பிள்ளை, தம்பியிட்டைச் சொல்லு, மேசன் வரட்டுமாம்" என்றேன். மருமகனை நாங்கள் தம்பி என்போம்.

லூர்து சொல்லத் தேவையில்லை, அவருக்குக் கேட்டது. ஆனாலும் அவள் சொன்னாள்.

"மாமியிட்டைச் சொல்லு, மேசன் வரேக்கை பாட்டிலை வேறை ஆக்களின்ரை வலை நிக்கும்."

"இருவத்தொரு நாள் எண்டு மேசன் சொன்னவர் எண்டு சொல்லு பிள்ளை."

"மற்றவை எடுத்திட்டினம், வாட்டு நிக்குதுதானே எண்டு சொல்லு."

லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். "என்னை விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சால் என்ன? எனக்குக் கழுத்து நோகுது" என்றாள்.

அவர் கை கழுவ எழும்பும்போது மெல்லச் சொன்னார்: "அது திரேசாவின்ரை பாடு. அதை ஆரும் எடுக்கட்டும் எண்டு மாமி சொல்லுறாவோ எண்டு கேள்."

லூர்து என்னைப் பார்த்தாள். நான் சட்டியைக் கழுவினேன்.

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். அந்த நாட்களில் பூசை லத்தீனில்தான். பாடுவார்கள், மணி அடிப்பார்கள், நாங்கள் முழங்காலில் இருப்போம். எல்லோரும் போன பிறகும் நான் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் இருந்தேன். சகோதரங்களே, கண்ணீரோடு மன்றாடினேன் என்று எழுத எனக்கு ஆசை. அது பொய். என் உள்ளம் காய்ந்த பலகைபோல இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "தாயே, பிள்ளை பிறக்கிற இடத்திலை ஒருதரும் சாகக் கூடாது. எனக்கு வாய் இல்லை. நீர்தான் தர வேணும்." மெழுகுதிரி ஒன்றும் கொளுத்தவில்லை. மாதா என்னைப் பார்த்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. எழும்பி வீட்டுக்கு வந்தேன். நன்றாக நித்திரை கொண்டேன். அதுவும் எனக்கு வெட்கந்தான்.

காலைப் பூசைக்கு நான் போகவில்லை. வாளியோடு வாட்டுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றி இறங்கினேன். தட்டுக்குக் கீழே ஒருவரும் போகக் கூடாது என்பது மேசனின் சட்டம். நான் உள்ளே போனேன். யோசித்துப் போகவில்லை. கால் போனது. நடுவில் நின்ற தடி ஒன்றைத் தடவிப் பார்த்தேன். மூன்று வெட்டு, ஒரு சரிவு வெட்டு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து வண்டில் வந்தது. சூசையும் இன்னும் நாலைந்து பேரும். பேதுரு என்று ஒருவர் விறாந்தைப் பக்கமே நின்று தன் தடியைப் பிடுங்க ஆட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களில் ஒருவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"பார் சூசை, மாமி மருமோனுக்கு முதலே வந்து தடி பிடிச்சுத் தாறா. குடுத்து வைச்சவன் நீ!"

சூசை வந்து எனக்கு முன்னால் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, "மாமியைக் கொஞ்சம் வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ" என்றார். நடுவில் லூர்து இல்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

அப்போது என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை. அது என் குரல்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே தெருவுக்கும் கேட்டதாம்.

"தம்பி சூசை! இது வேலி இல்லை. வேலிக்கு மேலை ஒண்டும் இல்லை, காத்துத்தான். இதுக்கு மேலை நாங்கள் சுமந்த கல்லும் மண்ணும் எல்லாம் நிக்குது. கடலிலை ரெண்டு தடி போனால் ரெண்டு இறால் போகும். இஞ்சை போனால் ஆள் போகும். பாடு போகட்டும் தம்பி. அது நான் திரேசாவுக்குக் குடுத்தது. அவள் வள்ளத்திலை கிடந்து, இன்னும் எவ்வளவு தூரமெண்டு கேட்டவள். லூர்துவும் கேக்க வேணுமே? இந்தத் தடியைப் பிடுங்கிறதெண்டால் நான் இதுக்குக் கீழை நிக்கிறன். பிடுங்குங்கோ!"

அன்னம்மா கத்துகிறாள் என்று வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். விறாந்தையில் நின்ற பேதுருவும் தடியை விட்டுவிட்டு, "என்னடாப்பா, ஊமை பேசுது?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வாசல் நிலையைத் தாண்டி மூன்று நாலு அடி வைத்திருப்பார்.

அவருக்குப் பின்னால் விறாந்தைத் தட்டு விழுந்தது.

பெரிய சத்தம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சத்தம் நினைவில்லை. என் கைக்குள் இருந்த தடி நடுங்கியதுதான் நினைவு. அந்த நடுக்கம் என் தோள் வரைக்கும் வந்தது. திரேசா போன பிறகு என் உடம்புக்குள் வந்த முதல் உணர்வு அது. மேலே பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தட்டு அப்படியே நின்றது. தூசி அடங்கியபோது ஆளை ஆள் தொட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பேதுருவின் தடி கல்லுக்குக் கீழே இரண்டாக முறிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு என் காலடியில் வந்து, "அன்னம்மாக்கா, அன்னம்மாக்கா" என்று மட்டும் சொன்னார்.

சூசை வண்டிலைத் திருப்பினார். வீட்டுக்கு அல்ல, கடற்கரைக்கு. பூசை முடிந்த கையோடு மற்றவர்கள் நட்டிருந்த தடிகளைப் பிடுங்கி, சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தடியில் சேறு ஒட்டியிருந்தது. மத்தியானத்துக்கு முன் விழாத தட்டுக்குக் கீழே எல்லா முட்டும் நின்றன. சூசையின் பாட்டில் அன்று வேலி நிற்கவில்லை. அடுத்த கரைக்காரர் ஒருவர் அங்கே நட்டுக்கொண்டார். அந்த மாரி இறால் எங்கள் வீட்டுக்கு இல்லை. சூசை கூலிக்கு வலை இழுக்கப் போனார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. லூர்துவிடமும் சொல்லவில்லை.

மேசன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஒவ்வொரு தடியையும் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் உங்களைத்தான் முட்டா வைச்சிட்டுப் போயிருக்கோணும்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இருபத்தொரு நாளும் தண்ணீர் ஊற்றினேன். விறாந்தையைத் திரும்பக் கட்டினார்கள். அதில் நாட்கள் போய்விட்டன. மார்கழியில் லூர்துவுக்கு நோ வந்தபோது வாட்டுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. சுண்ணாம்பு மணம் இருந்தது. மருத்துவிச்சி அம்மா ஒரு சேலையை வாசலில் கட்டிவிட்டு உள்ளே வேலையைப் பார்த்தார். வீட்டில் இருந்து வாட்டுக்கு நடந்தே வந்தோம். லூர்து தூரம் எவ்வளவென்று கேட்கவில்லை. பிள்ளை பிறந்து அழுதது. பெண் பிள்ளை. திரேசா என்று வைப்போமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளைக்கு அதனுடைய பெயர் வேண்டும். அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் பிள்ளையின் சூடு கையில் தெரிந்தது.

அடுத்த மார்கழியில் பெரிய புயல் வந்தது. எங்கள் வீட்டு ஓலையெல்லாம் பறந்தது. காலையில் ஊர் முழுவதும் வாட்டுக்குள் வந்து நெருங்கி நின்றது. குழந்தைகள், கிழவர்கள், இரண்டு ஆடுகள் கூட. வெளியே கடல் தெருவுக்கு வந்துவிட்டது. நான் மூலையில் பேத்தியை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

சூசை சனத்துக்குள்ளால் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். வாட்டில் நான் கத்திய அன்றைக்குப் பிறகும் நாங்கள் நேரே பேசியதில்லை. பழையபடி லூர்துதான் நடுவில். லூர்து அப்போது மற்றப் பக்கத்தில் யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, பயமே?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லைத் தம்பி" என்றேன்.

சொல்லி முடிய எனக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்து அழுகை. காற்றின் இரைச்சலில் அவரைத் தவிர ஒருவருக்கும் கேட்டிருக்காது. அவர் எனக்கு மறைப்பாகத் திரும்பி நின்றுகொண்டார்.

சகோதரங்களே, எனக்கு வயது போய்விட்டது. இன்னமும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் பேச வேண்டிய இடத்தில் இப்போது பேசுகிறேன். சூசையோடும் நேரேதான் பேசுகிறேன். லூர்துவின் கழுத்துக்கு ஆறுதல். ஆண்டவருக்கும் அவருடைய தாயாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உருகி மன்றாடுகிறவர்களின் செபத்தை மட்டுந்தான் அவர்கள் கேட்பார்கள் என்றில்லை. மரத்துப்போய் இருந்த என்னுடைய நாலு சொல்லையும் கேட்டார்கள்.

உங்களில் யாருக்காவது செபம் வாயில் மட்டும் ஓடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றால், அதற்காகச் செபத்தை விட்டுவிடாதீர்கள். அப்படியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய் நில்லுங்கள். வாய் தருகிறவர் அங்கே தருவார். நம்பி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருப்பேன், என் பக்கத்தில் வந்து இருங்கள்.